கடைசியாக என்ன சொன்னார்?

சிம்மக்கல்லில் ஒரு கடையின் குடோனில் நான்கு மெக்கானிக்குகள் ஒரு புதன்கிழமை காலை முழுக்கப் பதினோரு கிரைண்டர்களைத் தேடினார்கள். அட்டைப் பெட்டிகளை இறக்கினார்கள், ஏற்றினார்கள், பழைய சாக்குகளை உதறிப் பார்த்தார்கள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? அந்தப் பதினோரு கிரைண்டர்களும் மதுரையில் பதினோரு வீட்டு அடுப்படிகளில் இருந்த இடத்திலேயே இருந்தன. இல்லாததைத் தேடவைத்தவள் நான்தான். இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது, வெட்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம் அது. திருநகரில் ஒரு வீட்டு மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் சார், நான், இன்னொரு புரோகிராமர், மூன்று கம்ப்யூட்டர்கள், நினைத்த நேரத்தில் போகிற கரண்ட், அவ்வளவுதான். சார் திருப்பரங்குன்றத்துக்காரர். சென்னையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, மதுரைக் கடைகளுக்கு மதுரைக்காரன்தான் சாஃப்ட்வேர் எழுத வேண்டும் என்று திரும்பி வந்தவர். கடைகள் தங்கள் வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொள்ள ஒரு சாஃப்ட்வேர் செய்திருந்தோம். யார் வந்தார், என்ன வாங்கினார், என்ன புகார் சொன்னார், யார் போய்ச் சரிசெய்தார், எல்லாம் அதில் பதிவாகும்.

ஆனால் சார் நெஞ்சை நிமிர்த்திக் காட்டியது அதையெல்லாம் இல்லை. விதிப் பக்கம் என்று ஒன்று வைத்திருந்தோம், அதைத்தான். கடைக்குக் கடை வழக்கம் வேறு. ஒரு கடையின் வழக்கத்தைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிட்டால், வழக்கம் மாறும்போதெல்லாம் நாங்கள் பஸ் ஏறிப் போய் மாற்ற வேண்டும். அதனால் வழக்கத்தை வெளியே எடுத்து ஒரு பக்கத்தில் வைத்தோம். இடது பக்கம் 'இப்படி இருந்தால்' என்று ஒரு கட்டம். வலது பக்கம் 'இப்படிச் செய்' என்று ஒரு கட்டம். கல்யாண வீடு என்றால், இன்றே ஆள் அனுப்பு. இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிட்டால் கம்ப்யூட்டர் அப்படியே கேட்கும். புரோகிராம் தெரியாத கடைக்காரரே உட்கார்ந்து மாற்றிக்கொள்ளலாம். இதுதான் சாருடைய வாக்குறுதி. அதுவரை எந்தக் கடைக்காரரும் அப்படி மாற்றியதில்லை என்பதைச் சார் யாரிடமும் சொல்வதில்லை.

கடைகளில் போய் உட்கார்ந்து, அவர்கள் வழக்கங்களைக் கேட்டு, முதல்முறை கட்டங்களை நிரப்பிக் கொடுப்பது என் வேலை. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் பிடித்தவர்கள். எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போன முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. அம்மா தினமும் கேட்பாள், "இன்னைக்கு என்னத்தா வேலை பாத்த?" என்று.

"விதி எழுதுனேன்."

"யாரு விதிய? பிரம்மா வேலையா குடுத்துருக்காங்க உனக்கு?"

ஊரெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். ஆறு மாதம் பயிற்சி, அதற்குப் பிறகுதான் வேலை நிரந்தரம் என்று சார் சொல்லியிருந்தார். ஐந்தாவது மாதத்தில் இந்தச் சிம்மக்கல் கடை வந்தது.

மிக்ஸி, கிரைண்டர், குக்கர் விற்கிற கடை. விற்றதை எல்லாம் அவர்களே ரிப்பேரும் பார்த்துக் கொடுப்பார்கள். வாசலை ஒட்டிப் புகார் கவுண்ட்டர். அதில் பதினோரு வருடமாக ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் வேறு மொழி, கவுண்ட்டரில் சுத்தமான மதுரைத் தமிழ். நெற்றியில் பெரிய பொட்டு, மேசையில் ஒரு நீளமான நோட்டு. எந்தத் தெருவில் யார் வீட்டுக் கிரைண்டர் எப்போது எந்தப் பக்கம் சத்தம் போட்டது என்பது அந்த நோட்டில் பாதி, அக்கா தலையில் பாதி இருந்தது.

முதலாளி அதிகம் பேசாதவர். எங்கள் சார் அரை மணி நேரம் பேசியதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வழக்கம் மாறுனா உங்களைக் கூப்பிடாம நாங்களே மாத்திக்கலாமா?"

"நீங்களே மாத்திக்கலாம்ண்ணே. சின்ன விஷயம்."

"அப்ப ஒரு மாசம் ஓட்டிப் பாப்போம். பெறகு சொல்றேன்."

அடுத்த ஒரு வாரம் என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக வேலை பார்த்த வாரங்களில் ஒன்று. அக்காவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, அவர் சொல்லச் சொல்ல விதியாக மாற்றினேன். இட்லிக் கடையிலிருந்து வந்தால் மத்தியானத்துக்குள் ஆள் போய்விட வேண்டும், அப்போதுதான் சாயங்காலம் மாவு ஆட்ட முடியும். வெள்ளிக்கிழமை யார் வீட்டிலிருந்தும் கிரைண்டரைத் தூக்கக் கூடாது, கொடுக்க மாட்டார்கள். டேபிள் ஃபேனில் சத்தம் வருகிறது என்று தினமும் வருகிற ரிட்டயர்ட் வாத்தியார் வந்தால் ஆள் அனுப்ப வேண்டியதில்லை, உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தால் போதும். அதற்கென்றே 'செய்தி காட்டு' என்று ஒரு வசதி இருந்தது. வாத்தியார் பெயரை அடித்தால் திரையில் மஞ்சள் கட்டத்தில் 'டீ' என்று வரும்படி செய்தேன். அக்கா அதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தார்.

"மாமியா வந்து புகார் சொன்னா அன்னைக்கே அனுப்பணும் பாப்பா. எழுதிக்க."

"பெரியவங்கங்கிற மரியாதையா அக்கா?"

"மரியாதையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாமியா இங்க வந்து நின்னா, அங்க மருமக உரல்ல ஆட்டிக்கிட்டு இருக்கான்னு அர்த்தம்."

அப்படி முப்பத்திநான்கு விதிகள் எழுதினோம். எழுத எழுத எனக்கு ஒன்று புரிந்தது. ஒரு நிபந்தனை போடத் தமிழில் தனியாகப் பெரிய ஏற்பாடே வேண்டாம். வந்தால், சொன்னால், கேட்டால் என்று வினைக்குப் பின்னால் ஒரு 'ஆல்' ஒட்டினால் போதும். அக்கா வாயைத் திறந்தாலே 'ஆல்' ஆகத்தான் கொட்டியது. இத்தனை வருடமாக அவர் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்ததைத்தான் நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்தது மாதிரி விற்றுக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஊரிலும் விதிகள் உண்டு. நாங்கள் எந்த வீட்டில் வாசல் வரைக்கும் போகலாம், எந்த வீட்டில் முற்றம் வரைக்கும் போகலாம், எந்த வீட்டு டம்ளரைத் தொடலாம் என்றெல்லாம் யாரும் எழுதிவைக்காமலே எல்லோருக்கும் தெரியும். அவற்றை மாற்ற மட்டும் யாரும் ஒரு பக்கம் வைத்துத் தரவில்லை. அதனாலோ என்னவோ, மாற்றக்கூடிய விதி என்றாலே எனக்கு ஒரு தனிப் பிரியம் இருந்தது.

இவ்வளவு நன்றாகப் போனதில், நான் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன்.

புகார் பதியும் திரையில் கடைசிக் கேள்வி ஒன்று உண்டு. பொருளைக் கடைக்குக் கொண்டு வருகிறாரா, இப்போதே விட்டுவிட்டுப் போகிறாரா, வீட்டுக்கு ஆள் வேண்டுமா என்பதற்கானது. அதன் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. அழகான தமிழில் வைக்கிறேன் பேர்வழி என்று, 'கடைசியாக என்ன சொன்னார்?' என்று மாற்றினேன். கீழே மூன்று பதில்கள். 'வாரேன்' என்றால் அவரே கொண்டுவருவார், ஆள் அனுப்ப வேண்டாம். 'வைக்கிறேன்' என்றால் பொருளை வைத்துவிட்டுப் போகிறார், குடோன் பட்டியலில் சேர். 'ஆள் அனுப்புங்க' என்றால் ஸ்லிப் அடி, மெக்கானிக் அதை எடுத்துக்கொண்டு கிளம்புவார். மக்கள் பேசுகிற பேச்சிலேயே இருக்கிறது என்று சார் பாராட்டினார். நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

சனிக்கிழமை அக்காவுக்குக் கடைசியாகச் சொல்லிக் கொடுத்தேன். "அக்கா, கேள்வியைப் படிங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதை அப்படியே போடுங்க. நீங்களா எதையும் மாத்திப் போடாதீங்க."

"அப்படியேவா?"

"அப்படியே."

நான் கேட்டுக்கொண்டபடி முதலாளி நோட்டை வாங்கிப் பீரோவில் பூட்டினார். இனி ஸ்லிப் வந்தால்தான் மெக்கானிக் கிளம்ப வேண்டும் என்று உத்தரவும் போட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலமே அக்கா ஆபீசுக்குப் போன் செய்தார். "பாப்பா, ஸ்லிப்பே வர மாட்டேங்குது."

"நீங்க சரியாப் போட்டா வரும்க்கா," என்றேன். என் குரலில் இருந்த அலட்சியம் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

புதன்கிழமை குடோனைக் கவிழ்த்துத் தேடியதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கம்ப்யூட்டர் குடோனில் பதினோரு கிரைண்டர் இருப்பதாகச் சாதித்தது. மெக்கானிக்குகள் தேடிக் களைத்துப்போய் வாசலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அந்த நேரத்தில் ஊர் முழுக்க ஜனங்கள் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். வியாழக்கிழமை காலை இட்லிக் கடை அம்மா ஒருத்தர் ஒரு தூக்குச்சட்டியோடு வந்து கவுண்ட்டரில் 'ணங்' என்று வைத்தாராம். உள்ளே ஊறின அரிசி.

"மூணு நாளா ஊறுது! மோந்து பாரு! இம்புட்டு நாளு சொன்ன அன்னைக்கே ஆள் வந்துச்சு. இப்ப கம்ப்யூட்டர் வச்சுட்டீகளாக்கும்!"

அன்று மத்தியானம் என்னை வரச் சொன்னார்கள். சாரும் ஸ்கூட்டரில் வந்தார். நான் விதிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எல்லாம் கச்சிதம். பதிவுகளைத் திறந்து பார்த்தேன். வரிசையாக வாரேன், வாரேன், வாரேன். நடுநடுவே வைக்கிறேன். 'ஆள் அனுப்புங்க' என்று ஒன்றுகூட இல்லை. அக்கா பயத்தில் கைக்கு வந்ததைப் போட்டிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"விதி எல்லாம் சரியா இருக்கு சார். பதியறதுலதான் தப்பு," என்றேன், முதலாளி காதில் விழும்படியே.

முதலாளி திரையை ஒரு முறை பார்த்தார். பிறகு, "கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணா ஒண்ணைப் போட்டுருவோம். நீங்க திங்கக்கெழமையில இருந்து குடோன் பக்கம் பாத்துக்கங்கம்மா," என்று அக்காவிடம் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அக்கா மேசை டிராயரைத் திறந்து தன் பேனா, சீப்பு, ஒரு சின்னச் சாமி படம் எல்லாவற்றையும் எடுத்துப் பைக்குள் வைத்தார். நான் படியிறங்கும்போது மெதுவாகச் சொன்னார்.

"என் விதியையும் சேத்து எழுதிட்டியே பாப்பா."

பஸ்ஸில் முதல் அரை மணி நேரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. என் தப்பு இல்லை, என் வேலை போகாது என்ற நிம்மதி. அதை எழுதவே எனக்குக் கூசுகிறது, ஆனாலும் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் அம்மா "இன்னைக்கு என்னத்தா வேலை பாத்த?" என்று கேட்டபோது, பசிக்கிறது, சோறு போடு என்று பேச்சை மாற்றினேன்.

வெள்ளிக்கிழமை காலை யாரும் கூப்பிடாமலே முதல் பஸ்ஸைப் பிடித்து, டவுன் பஸ் மாறிச் சிம்மக்கல் போய்ச் சேர்ந்தேன். கடை அப்போதுதான் திறந்திருந்தது. 'கம்ப்யூட்டர் தெரிந்த பெண் தேவை' என்று எழுதிய அட்டை கண்ணாடிக் கதவில் ஒட்டுவதற்குத் தயாராக மேசைமேல் கிடந்தது. அக்கா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, அந்த அட்டையை ஓரமாக நகர்த்திவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் முகம் கொடுக்கவில்லை. நான் பேசாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

திருப்பரங்குன்றத்திலிருந்து ஒருவர் வந்தார். கிரைண்டர் சுற்றவில்லை, கல்லைத் தூக்க முடியாது, வீட்டுக்குத்தான் ஆள் வர வேண்டும் என்றார். அக்கா பெயர், தெரு, புகார் எல்லாம் ஒழுங்காகப் பதிந்தார். கடைசிக் கேள்விக்கு வந்ததும் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பையை எடுத்தார், செருப்பைப் போட்டார், திரும்பினார்.

"சரிக்கா, அப்ப வாரேன்."

அக்கா 'வாரேன்' மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

"அக்கா, அவரு ஆள் அனுப்பத்தான சொன்னாரு?"

"அது நடுவுல சொன்னது. கேள்வி என்ன கேக்குது? கடைசியா என்ன சொன்னார்னு கேக்குது. அப்படியே போடுன்னு நீதான சொன்ன?"

அதற்குள் போன் அடித்தது. மறுமுனையில் ஒரு பெண் கடகடவென்று தன் மிக்ஸியின் கதையைச் சொல்வது எனக்கே கேட்டது. அக்கா எல்லாவற்றையும் பதிந்துவிட்டு, ரிசீவரைக் காதில் வைத்தபடியே கடைசி வார்த்தைக்காகக் காத்திருந்தார். "சரிக்கா, வச்சிர்றேன்," என்றது போன். அக்கா 'வைக்கிறேன்' மேல் தட்டினார்.

போனை வைக்கிற அத்தனை பேருடைய கிரைண்டரையும் என் விதி குடோனில் வைத்திருந்தது.

மதுரையில் எந்த மனுஷன் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்வான்? பகையாளி வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'வாரேன்' என்றுதான் சொல்வோம். நானே இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது என் மண்டையில் ஏறவில்லை, அழகு தமிழில் கேள்வி வைத்துவிட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அக்கா முறைத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரிக்க ஆரம்பித்தார். தங்கள் வீட்டுச் சௌராஷ்டிரப் பேச்சிலும் கிளம்பும்போது வருகிறேன் என்றுதான் சொல்வார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். திடீரென்று நிறுத்தினார்.

"எனக்கும் மொத நாளே ஒரு மாதிரித்தான் இருந்துச்சு. கம்ப்யூட்டருக்கு இதுதான் வேணும் போலன்னு நெனச்சுக்கிட்டேன். அப்ப தப்பு எம்மேல இல்லதான பாப்பா?"

"உங்க மேல இல்லக்கா. எம்மேல."

சொல்வது சுலபமாக இருந்தது, ஏனென்றால் கேட்டது அக்கா மட்டும்தான். பத்து மணிக்கு முதலாளி வந்தார். பின்னாலேயே சாரும் வந்தார். நான் சாரை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் விவரம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"இதை அங்க சொல்லாத. டிரெயினிங் பத்தலன்னு சொல்லி முடிச்சிருவோம். கேள்வியை நான் சத்தமில்லாம மாத்திர்றேன்."

"அப்ப அக்கா சீட்டு சார்?"

சார் தெருவைப் பார்த்தார். அவரையும் குறை சொல்ல முடியாது, அந்த மாதம் அந்த ஒரு கடையை நம்பித்தான் அவர் இருந்தார். நான் உள்ளே போனேன். முதலாளி அந்த அட்டையைக் கையில் எடுத்துப் பசை தடவிக்கொண்டிருந்தார். சாரும் பின்னாலேயே வந்து நின்றார்.

"ஐயா, தப்பு அக்கா மேல இல்ல. நான் வச்ச கேள்வி தப்பு. அவங்க நான் சொன்னதை அப்படியே செஞ்சாங்க. நேத்து நான் விசாரிக்காமச் சொல்லிட்டேன்."

வாரேன் கதையை முழுக்கச் சொன்னேன். முதலாளி என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. யாரோ சரக்கு அனுப்புகிறவர். இரண்டு நிமிடம் பேசினார். நாங்கள் மூன்று பேரும் காத்து நின்றோம்.

"சரிண்ணே, சரிண்ணே. அப்ப வச்சிர்றேன்."

ரிசீவர் கீழே இறங்குவதற்குள் அக்கா உள்பக்கம் திரும்பிச் சத்தமாகக் கூப்பிட்டார். "ஏப்பா, முதலாளி எதையோ வச்சுட்டாராம். குடோன்ல போய்த் தேடுங்க!"

முதலாளி ஒரு கணம் விழித்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை என்று மெக்கானிக்குகள் பிறகு சொன்னார்கள். பசை தடவிய அட்டை அவர் வேட்டியிலேயே ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்து எடுத்து மேசைமேல் போட்டுவிட்டு, சாரைப் பார்த்தார்.

"நாங்களே மாத்திக்கலாம்னு சொன்னீங்கள்ல? அப்ப இந்தம்மாவே மாத்தட்டும். நீங்க ரெண்டு பேரும் கை வைக்கக் கூடாது. மாத்திட்டாங்கன்னா இந்த சீட்டுல இவங்கதான், உங்க சாஃப்ட்வேரும் இங்கதான்."

சாருக்கு வேர்த்துவிட்டது. எனக்கும்தான். விதிப் பக்கத்தை நான் அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லையே என்று யோசிக்கும்போதே அக்கா அதைத் திறந்துவிட்டார். ஒரு வாரமாக என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மவுஸ் இரண்டு தடவை வேறு எங்கோ போய் நின்றது. 'கடைசியாக என்ன சொன்னார்?' என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி, 'ரிப்பேர் எங்க பாக்கணும்?' என்று அடித்தார். பதில் இரண்டே இரண்டு. 'கடையில்.' 'வீட்டில்.' வீட்டில் என்றால், ஸ்லிப் அடி. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, துள்ளிக் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது. அவ்வளவு எளிய கேள்வி எனக்குத் தோன்றவில்லையே.

முடித்துவிட்டார் என்று நினைத்தோம். அக்கா நிறுத்தவில்லை. புதிதாக ஒரு விதி திறந்தார். இடது கட்டத்தில், 'கிளம்பும்போது வாரேன் என்று சொன்னால்.' வலது கட்டத்தில் 'செய்தி காட்டு' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'போயிட்டு வாங்கன்னு சொல்லணும்' என்று அடித்தார்.

"இது எதுக்கும்மா?" என்றார் முதலாளி.

"நாலு நாளா அவங்க வாரேன்னு சொன்னப்ப நான் பதிலே சொல்லலண்ணே. தட்டுறதுலயே இருந்துட்டேன். மூஞ்சியைக்கூட நிமுந்து பாக்கல."

பிறகு அக்கா நான்கு நாள் பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, யாருக்கு எங்கே என்று தலையிலிருந்தே சொல்லிச் சொல்லித் திருத்தினார். மூலையில் சும்மா கிடந்த பிரிண்டர் கிர்ர் கிர்ரென்று அலற ஆரம்பித்தது. ஸ்லிப் மேல் ஸ்லிப்பாக வந்து தரையில் மடிந்து விழுந்தது. மெக்கானிக்குகள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிழித்துக் கிழித்து எடுத்துக்கொண்டு ஓடினார்கள். முதல் ஸ்லிப் இட்லிக் கடைக்குப் போனது. எனக்கு அந்தப் பிரிண்டர் சத்தத்தை இன்னொரு தடவை கேட்கக் கிடைத்தால் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

படியிறங்கும்போது சார், "சொல்லாதன்னு சொன்னதைச் சொல்லிட்ட," என்றார். நான் வேலை போயிற்று என்று நினைத்தேன். ஸ்கூட்டரை மிதித்து ஸ்டார்ட் செய்துவிட்டு, "இனிமே கேள்விக்குப் பேரு வைக்கிறதா இருந்தா அந்தக்காகிட்டக் காட்டிட்டு வை," என்றார். அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார். வாரேன் கதையைப் போகிற கடையிலெல்லாம் தானே கண்டுபிடித்தது மாதிரி சொல்லி விற்றார்.

மூன்று வாரம் கழித்து என் வேலை அங்கே முடிந்தது. அன்றைக்கு அக்கா விதிப் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டியிருந்தார். டிராயருக்குள் பேனா, சீப்பு, சாமி படம் எல்லாம் பழைய இடத்தில் இருந்தன. நான் பையை எடுத்துக்கொண்டு வழக்கம்போலச் சொன்னேன்.

"அப்ப வாரேன்க்கா."

அக்கா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "கடைக்கா, வீட்டுக்கா?"

எனக்குப் புரியவில்லை. அக்கா ஏதோ தட்டினார். பிரிண்டர் ஒரே ஒரு ஸ்லிப்பை அடித்துத் தள்ளியது. கிழித்து என் கையில் கொடுத்தார். வாடிக்கையாளர் என்ற இடத்தில் அக்காவின் பெயரும் தெருவும் இருந்தன. புகார்: பாப்பா இன்னும் வீட்டுக்கு வரவில்லை. எங்க பாக்கணும்: வீட்டில். அனுப்ப வேண்டிய ஆள்: பாப்பா. நாள்: ஞாயிறு மத்தியானம்.

நான் எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்பதெல்லாம் அக்காவுக்கு முதல் வாரமே தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்து விதி எழுதும்போது எல்லாக் கதையும் பேசியிருக்கிறோம். நான் அந்த ஸ்லிப்பை இரண்டு தடவை படித்தேன்.

"போயிட்டு வா," என்றார் அக்கா, திரையைப் பார்க்காமலே.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஊர்ப் பழக்கத்தில் வாசலிலேயே நின்று கூப்பிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து நேராக அடுப்படிக்கே கூட்டிக்கொண்டு போய், ஓடிக்கொண்டிருந்த கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தார்.